கழித்த கூடையையும் எண்ணுவோம்

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி எழுதியது)



முறம், சல்லடை, வடிகட்டி ஆகிய மூன்றும் இல்லாத சமையலறையை நாம் பார்த்திருக்க முடியாது. முறம் அரிசியிலிருந்து உமியையும் கல்லையும் பிரிக்கிறது. சல்லடை மாவிலிருந்து கப்பியைப் பிரிக்கிறது. வடிகட்டி தேநீரிலிருந்து தூளைப் பிரிக்கிறது. கணிப்பொறி உலகிலும் இதே வேலையைச் செய்யும் கருவி ஒன்று இருக்கிறது. அதற்கும் வடிகட்டி என்றே பெயர். ஆங்கிலத்தில் பில்டர் என்பார்கள். நீண்ட பட்டியல் ஒன்றிலிருந்து நமக்கு வேண்டியவற்றை மட்டும் எடுத்துத் தருவது அதன் பணி.

இந்த வடிகட்டியைப் பற்றி நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் படிக்கவில்லை. சென்ற ஆண்டு எங்கள் வீட்டில் நடந்த ஒரு நிகழ்ச்சியால் தெரிந்துகொண்டேன். அந்த நிகழ்ச்சியால் என் அண்ணனின் வேலையே போய்விடுமோ என்று நாங்கள் அஞ்சியிருந்தோம். அன்று நான் கற்றதை நீங்களும் அறிந்துகொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மேகத்தில் கணிப்பொறியா?

நமது ஓசூர் தொழிற்சாலைகளின் ஊர். டைட்டன் கைக்கடிகாரங்களும், டி.வி.எஸ். இருசக்கர வண்டிகளும், அசோக் லேலண்ட் லாரிகளும் இங்கே உருவாகின்றன. அவற்றுக்கு உதிரிப் பாகங்கள் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகளும் சிப்காட் பகுதியில் ஏராளம். இந்தப் பட்டறைகளில் ஓடும் இயந்திரங்கள் ஒரு ஷிப்டில் எத்தனை பாகங்களைக் கடைந்தன, எத்தனை பழுதாயின என்ற கணக்கை இப்போது கணிப்பொறிகளே எழுதி வைக்கின்றன. அக்கணக்கைச் சேர்த்து வைக்கும் சிறிய நிறுவனம் ஒன்றில்தான் என் அண்ணன் வேலை செய்கிறார்.

அந்த நிறுவனத்துக்குச் சென்றால் பெரிய கணிப்பொறி எதையும் காண முடியாது. நான்கு மேசைகளும் நான்கு மடிக்கணினிகளும்தான் இருக்கும். உண்மையான வேலையைச் செய்யும் கணிப்பொறிகள் நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால், குளிரூட்டிய பெரிய கட்டடங்களில் இருக்கின்றன. அவற்றைத் தரவு மையங்கள் என்கிறோம். மின்சாரத்துக்குக் கட்டணம் செலுத்துவது போல, பயன்படுத்திய நேரத்துக்கு வாடகை செலுத்தினால் போதும். இம்முறைக்குத்தான் மேகக் கணிமை அல்லது கிளவுட் என்று பெயர். மேகம் என்பது வெறும் பெயரே. கணிப்பொறிகள் எல்லாம் தரையில்தான் இருக்கின்றன.

அமேசான் வெப் சர்வீசஸ் என்ற அமைப்பு 2006-ஆம் ஆண்டில் இவ்வகை வாடகைச் சேவைகளைத் தொடங்கியது. கோப்புகளைச் சேமிக்கும் இடத்துக்கு எஸ்.3 என்றும், வாடகைக் கணிப்பொறிக்கு ஈ.சி.2 என்றும் பெயரிட்டது. இந்தியாவில் அதன் முதல் மண்டலம் 2016-இல் மும்பையிலும், இரண்டாவது 2022-இல் ஐதராபாத்திலும் திறக்கப்பட்டன. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2015-லேயே புனே, சென்னை, மும்பை ஆகிய மூன்று இடங்களில் தன் மண்டலங்களைத் திறந்தது. கூகுள் 2017-இல் மும்பையிலும் 2021-இல் தில்லியிலும் திறந்தது.

நதி ஓங்கிலின் பெயர் கொண்ட நிரல் நூலகம்

வாடகைக் கணிப்பொறிகளை ஒவ்வொன்றாகத் திரையில் தேடிப்பிடித்து நிறுத்தவும் ஓட்டவும் செய்யலாம். ஐந்தாறு இருந்தால் அது இயலும். ஐம்பது இருந்தால் கை ஓய்ந்துவிடும். ஆகவே நிரல் எழுதுகிறார்கள். நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த குவிடோ வான் ராசம் என்பவர் 1991-இல் வெளியிட்ட பைத்தான் என்னும் நிரல்மொழி இதற்கு மிகவும் ஏற்றது. அந்த மொழியில் அமேசானின் சேவைகளோடு பேசுவதற்கென்று போட்டோ3 என்ற நிரல் நூலகம் இருக்கிறது.

நிரல் நூலகம் என்றால் புத்தகங்கள் உள்ள நூலகம் அன்று. பலருக்கும் தேவைப்படும் ஆணைகளை முன்கூட்டியே எழுதித் தொகுத்து வைத்திருப்பதே நிரல் நூலகம். நாம் இட்லிக்கு மாவு ஆட்டாமல், ஆட்டிய மாவை வாங்கிக்கொள்வதைப் போல, அந்த ஆணைகளை எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளலாம். போட்டோ என்றதும் புகைப்படத்தை நினைக்க வேண்டாம். தென் அமெரிக்காவின் அமேசான் ஆற்றில் வாழும் நன்னீர் ஓங்கிலுக்கு அப்பகுதி மக்கள் வழங்கும் பெயர் அது. அமேசானுக்குள் நீந்தித் திரியும் நூலகத்துக்குப் பொருத்தமான பெயர் அல்லவா?

இந்த நூலகத்தில் ஒரு பட்டியலைக் கேட்க இரண்டு வழிகள் உண்டு. "எல்லாவற்றையும் கொடு" என்று கேட்பது ஒன்று. "இப்படிப்பட்டவற்றை மட்டும் கொடு" என்று வடிகட்டிக் கேட்பது மற்றொன்று.

சீட்டு இல்லாமல் வடிகட்ட இயலாது

எதை வைத்து வடிகட்டுவது? ஒவ்வொரு வாடகைக் கணிப்பொறிக்கும் ஓர் அடையாள எண் உண்டு. அது எழுத்தும் இலக்கமும் கலந்த நீண்ட தொடர். மனிதரால் நினைவில் வைக்க முடியாது. ஆகையால் நாமே சீட்டு எழுதி ஒட்டலாம். இதனை டேக் என்கிறார்கள். ஊறுகாய் ஜாடியில் "எலுமிச்சை, சித்திரை மாதம் போட்டது" என்று அம்மா ஒட்டும் சீட்டைப் போன்றதே இது. ஒவ்வொரு சீட்டிலும் தலைப்பு ஒன்றும் விடை ஒன்றும் இருக்கும். "நோக்கம்" என்பது தலைப்பானால் "சோதனை" என்பது விடை. ஒரு கணிப்பொறிக்கு 50 சீட்டுகள் வரை ஒட்டலாம்.

இனி வடிகட்டும் விதிகளைப் பார்ப்போம். நம் ஊர் எடுத்துக்காட்டே இதற்குப் போதும். ஜூஜூவாடியில் மாநில எல்லையருகே சாலையோரம் நின்று வண்டிகளைப் பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். டி.என். 70 என்பது ஓசூர் வண்டி. டி.என். 24 கிருஷ்ணகிரி வண்டி. கே.ஏ. 51 என்று தொடங்குவது அந்தப் பக்கத்துப் பெங்களூர் வண்டி.

முதல் விதி: ஒரே கேள்விக்குப் பல விடைகளைக் கொடுத்தால், அவற்றுள் ஏதேனும் ஒன்று பொருந்தினால் போதும். "எண் டி.என். 70 அல்லது டி.என். 24" என்று கேட்டால் இரு ஊர் வண்டிகளும் வரும்.

இரண்டாம் விதி: கேள்விகளே பலவானால் எல்லாம் பொருந்த வேண்டும். "எண் டி.என். 70, நிறம் சிவப்பு" என்று இரண்டு கேள்விகள் கேட்டால் ஓசூரைச் சேர்ந்த சிவப்பு வண்டிகள் மட்டுமே வரும். ஓசூரின் வெள்ளை வண்டியும் வராது. கிருஷ்ணகிரியின் சிவப்பு வண்டியும் வராது.

மூன்றாம் விதி: முழு விடையும் தெரியாதபோது நட்சத்திரக் குறியிடலாம். "டி.என்." என்று எழுதி நட்சத்திரம் இட்டால் தமிழ்நாட்டு வண்டிகள் அனைத்தும் வரும்.

நான்காம் விதி: "இது அல்லாதவை" என்று கேட்க ஈ.சி.2 வடிகட்டியில் வழி இல்லை. "டி.என். அல்லாத வண்டிகளைக் கொடு" என்றால் அதற்குப் புரியாது. இந்த விதியைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதுவே எங்களைக் காப்பாற்றியது.

அங்கே வடிகட்டுவதா, இங்கே வடிகட்டுவதா?

வடிகட்டும் இடம் எது என்பதும் முக்கியம். மும்பையில் உள்ள சர்வரே வடிகட்டி வேண்டியதை மட்டும் அனுப்பலாம். அல்லது பட்டியல் முழுவதையும் ஓசூருக்கு வரவழைத்து, நம் கணிப்பொறியில் வடிகட்டலாம். சந்தையில் கத்தரிக்காயைப் பார்த்து எடுத்து வாங்குவதற்கும், மூட்டையோடு வீட்டுக்குக் கொண்டுவந்து பொறுக்குவதற்கும் உள்ள வேற்றுமை இது.

அண்ணன் ஓர் எடுத்துக்காட்டுச் சொன்னார். பட்டறைகளில் எடுக்கும் பாகங்களின் படங்கள் எஸ்.3-இல் சேமிக்கப்படுகின்றன. பட்டியல் கேட்டால் அது ஒரு முறைக்கு அதிகமாக 1000 பெயர்களைத்தான் தரும். 12,000 படங்கள் இருந்தால் 12 முறை கேட்க வேண்டும். ஒவ்வொரு முறையும் "இன்னும் இருக்கிறது; இந்தச் சீட்டைக் காட்டி அடுத்த பகுதியைப் பெற்றுக்கொள்" என்று ஓர் அடையாளச் சீட்டைக் கொடுத்தனுப்பும். அதைக் கவனியாமல் முதல் 1000 பெயர்களையே முழுப் பட்டியல் என்று எண்ணி ஏமாந்தவர்கள் பலர். படத்தின் பெயர் ஆண்டு, மாதம் என்று தொடங்குமாறு வைத்திருந்தால், "2024, ஜூன் என்று தொடங்குபவை மட்டும்" என்று அங்கேயே வடிகட்டிக் கேட்டு ஒன்றிரண்டு தடவையில் முடித்துவிடலாம். ஆனால் பெயரின் கடைசி எழுத்துகளை வைத்து வடிகட்ட எஸ்.3 பட்டியலில் வசதி இல்லை. அப்படி வேண்டுமானால் வீட்டுக்குக் கொண்டுவந்துதான் பொறுக்க வேண்டும்.

ஆகவே, அங்கேயே வடிகட்ட முடிந்தால் காலமும் செலவும் மிச்சம். பொதுவாக இதுவே நல்ல வழி. ஆயினும் இந்த நல்ல வழியிலும் ஒரு குழி உண்டு. அதில்தான் அண்ணன் விழுந்தார்.

பூஜ்யம் என்று வந்த விடை

நிறுவனத்தில் புதிய நிரல்களைச் சோதித்துப் பார்ப்பதற்கென்று தனியாகச் சில வாடகைக் கணிப்பொறிகள் உண்டு. இரவில் அவற்றுக்கு வேலை இல்லை. ஓடினால் வாடகை ஏறும். அதனால், "தினமும் இரவு 8 மணிக்குச் சோதனைக் கணிப்பொறிகளை நிறுத்திவிடு" என்று முதலாளி அண்ணனிடம் பொறுப்பை ஒப்படைத்தார். அண்ணன் அப்போது பயிற்சிக் காலத்தில் இருந்தார். ஆறு மாதம் நல்ல பெயர் எடுத்தால்தான் வேலை நிலைக்கும்.

அவர் போட்டோ3-ஐக் கொண்டு ஒரு சிறு நிரல் எழுதினார். "நோக்கம் என்ற சீட்டில் டெஸ்ட் என்று எழுதியிருப்பவை, நிலை ஓடிக்கொண்டிருப்பவை" என்று இரண்டு கேள்விகளை வைத்து வடிகட்டி, வந்தவற்றை நிறுத்தினார். நிறுத்திய பின் மறுபடியும் அதே வடிகட்டியால் கேட்டுப் பார்ப்பார். "மீதம் ஓடுபவை: 0" என்று திரையில் வரும். நாள்தோறும் பூஜ்யம் வருவதைப் பார்த்து மகிழ்ச்சியோடு சாப்பிட உட்காருவார்.

மாதம் முடிந்து ரசீது வந்தது. வரவேண்டிய தொகையைவிட மிகவும் அதிகம். கூடுதலான பணம் அண்ணனின் ஒரு மாதச் சம்பளத்தையும் தாண்டியது. "இரவில் எல்லாவற்றையும் நிறுத்துவதாகச் சொன்னாயே, தம்பி?" என்று முதலாளி கேட்டபோது அண்ணனால் பதில் சொல்ல முடியவில்லை. அன்றிரவு அவர் சாப்பிடவும் இல்லை. "நான் தினமும் பார்த்தேன் அம்மா, பூஜ்யம்தான் வந்தது" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

அம்மா கேட்ட கேள்வி

என் தாயார் தளி சாலையில் உள்ள ஒரு ரோஜாப் பண்ணையில் தரம் பிரிக்கும் வேலை செய்கிறார். பசுமைக்குடிலிலிருந்து வெட்டி வரும் ரோஜாக்களைக் காம்பின் நீளத்தைப் பார்த்து 40 சென்டிமீட்டர், 50 சென்டிமீட்டர், 60 சென்டிமீட்டர் என்று பிரித்து, இருபது இருபதாகக் கட்ட வேண்டும். இதழ் கருகியதும் காம்பு வளைந்ததும் கழிவுக் கூடைக்குப் போகும். அம்மாவுக்குக் கணிப்பொறி தெரியாது. இருந்தாலும் அண்ணன் சொன்னதைக் கடைசி வரை கேட்டுவிட்டு இவ்வாறு சொன்னார்:

"ஏன் கண்ணு, நாங்க சாயந்திரம் கிளம்புறதுக்கு முன்னாடி மூணு கணக்குப் பார்ப்போம். வெட்டி வந்தது எத்தனை, கட்டுப் போட்டது எத்தனை, கழிச்சது எத்தனை. கட்டும் கழிவும் சேர்ந்து வெட்டி வந்ததுக்குச் சரியா வரணும். நீ கட்டை மட்டும்தானே எண்ணியிருக்கே? கழிச்ச கூடையிலே என்ன இருக்குன்னு பார்த்தியா?"

அண்ணன் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மடிக்கணினியைத் திறந்தார். நானும் பக்கத்தில் அமர்ந்துகொண்டேன்.

இங்கேதான் நான்காம் விதி வந்தது. "டெஸ்ட் அல்லாதவை" என்று அங்கே கேட்க வழி இல்லை. சீட்டே ஒட்டாதவற்றைத் தனியாகக் கேட்கவும் வழி இல்லை. ஆகையால் வடிகட்டியை எடுத்துவிட்டு, "எல்லாவற்றையும் கொடு" என்று கேட்டு, முழுப் பட்டியலையும் வீட்டுக்கு வரவழைத்துப் பொறுக்கினோம். மும்பை மண்டலத்தில் மொத்தம் 19 கணிப்பொறிகள். டெஸ்ட் என்று சீட்டு ஒட்டியவை 11. உண்மையான வேலைக்கு உரியவை என்று சீட்டு ஒட்டியவை 5. இரண்டும் சேர்ந்தால் 16தான். மிச்சம் மூன்று எங்கே?

அந்த மூன்றும்தான் கழித்த கூடையில் கிடந்தவை. அவற்றுள் இரண்டில், டெஸ்ட் என்பதன் முதல் எழுத்தை யாரோ ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்கள். நம் தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேற்றுமை இல்லை. ஆங்கிலத்தில் உண்டு. நமக்கு அவை ஒரே சொல். வடிகட்டிக்கோ அவை இரு வேறு சொற்கள். மூன்றாவது கணிப்பொறிக்குச் சீட்டே இல்லை.

பிறகு அண்ணனுக்கு மற்றொரு ஐயம் எழுந்தது. ஐதராபாத் மண்டலத்தையும் கேட்டுப் பார்த்தார். அங்கே இரண்டு சோதனைக் கணிப்பொறிகள், சரியான சீட்டோடு, இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்தன! முன்பு யாரோ முயன்று பார்க்கத் தொடங்கி, மறந்துபோனவை அவை. "எல்லாவற்றையும் கொடு" என்று கேட்டாலும், எந்த மண்டலத்தில் நின்று கேட்கிறோமோ அந்த மண்டலத்தின் எல்லாவற்றையும்தான் நூலகம் தரும். ஜூஜூவாடியில் நின்று எண்ணுபவருக்குப் பாகலூர் சாலையிலும் தளி சாலையிலும் கர்நாடகத்துக்குள் போகும் வண்டிகள் கண்ணில் படுமா? அதுபோலத்தான்.

அவசரப்பட்டிருந்தால்...

காரணம் தெரிந்ததும் அண்ணனுக்குக் கோபம் வந்தது. "வேலைக்கு உரியவை என்று சீட்டு உள்ள ஐந்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் இப்போதே நிறுத்திவிடுகிறேன்" என்று விசைப்பலகையில் கை வைத்தார். அம்மா தடுத்தார். "கழிவுக் கூடையிலேயும் சில நேரம் நல்ல பூ விழுந்திருக்கும். கையில எடுத்துப் பார்க்காம கொட்டாதே" என்றார்.

அண்ணன் முதுநிலைப் பொறியாளரைத் தொலைபேசியில் அழைத்துச் சீட்டில்லாத அந்தக் கணிப்பொறியைப் பற்றிக் கேட்டார். அவர் பதறிப்போனார். பட்டறைகளிலிருந்து இரவு ஷிப்டின் கணக்கைப் பெற்றுக்கொள்ளும் கணிப்பொறியே அதுதான்! தொடக்க நாட்களில் அவசரத்தில் அமைத்தது. சீட்டு ஒட்ட எவருக்கும் நினைவில்லை. அன்றிரவு அதை நிறுத்தியிருந்தால், விடிய விடிய உழைத்த தொழிலாளர்களின் உற்பத்திக் கணக்கு பதிவாகாமலே போயிருக்கும். எங்கள் தெருவிலேயே இரவு ஷிப்டுக்குப் போகிறவர்கள் எத்தனையோ பேர். அதை நினைத்தபோது எனக்கு நடுக்கமே வந்தது.

ஆக, வீணாக ஓடியவை நான்கு: மும்பையில் இரண்டு, ஐதராபாத்தில் இரண்டு. அவற்றை மட்டும் அண்ணன் நிறுத்தினார். மறுநாள் காலை முதலாளியிடம் நடந்ததை மறைக்காமல் கூறினார். குறை நூலகத்தில் இல்லை, தரவு மையத்திலும் இல்லை, தான் பூஜ்யத்தை நம்பியதே குறை என்று ஒப்புக்கொண்டார். முதலாளி கடிந்துகொண்டார். ஆனாலும், "கண்டுபிடித்ததையும் நீயே வந்து சொன்னாயே" என்று வேலையில் தொடரச் சொன்னார்.

இப்போது அண்ணனின் நிரல் ஐந்து வேலைகளைச் செய்கிறது. முதலாவதாக, நிறுவனம் பயன்படுத்தும் மண்டலங்களின் பட்டியலைக் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றிலும் சென்று பார்க்கிறது. இரண்டாவதாக, வடிகட்டாமல் மொத்தத்தை எண்ணுகிறது. மூன்றாவதாக, சீட்டு வாரியாகப் பிரித்து, கூட்டுத்தொகை மொத்தத்துக்குச் சரியாக வருகிறதா என்று பார்க்கிறது. நான்காவதாக, எந்தக் கூடையிலும் சேராதவற்றை நிறுத்தாமல், அவற்றின் பட்டியலை மனிதருக்குக் காட்டுகிறது. ஐந்தாவதாக, நிறுத்த வேண்டியவற்றின் பெயர்களை முதலில் திரையில் காட்டிவிட்டுப் பிறகே நிறுத்துகிறது.

இன்னொன்றையும் அவர் கவனித்தார். நிறுத்தி வைத்த கணிப்பொறிக்கு ஓட்ட வாடகை இல்லை என்பது உண்மை. ஆனால் அதனோடு இணைந்த சேமிப்பு வட்டுக்கு வாடகை ஏறிக்கொண்டே இருக்கும். "ஓடுபவை மட்டும்" என்று வடிகட்டினால் அந்தச் செலவு கண்ணுக்கே தெரியாது. எனவே வட்டுகளின் பட்டியலை மாதம் ஒரு முறை தனியாகப் பார்க்கிறார்.

பிழை என்று சொல்லாத பிழை

எங்கள் கணிப்பொறி ஆசிரியையாகிய அருட்சகோதரி அவர்களிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள்: "தவறாகக் கேட்டால் கணிப்பொறி பிழை என்று சொல்லாதா?"

அண்ணனிடம் கேட்டு வந்து விடை சொன்னேன். வடிகட்டியின் பெயரையே தவறாக எழுதினால், "இப்படியொரு வடிகட்டி இல்லை" என்று பிழைச் செய்தி வரும். ஆனால் சீட்டின் தலைப்போ விடையோ நாமே வைத்த பெயர். அதில் ஓரெழுத்து மாறினால் அது பிழையென்று சர்வருக்கு எப்படித் தெரியும்? "அப்படிச் சீட்டு உள்ளவை எவையும் இல்லை" என்று வெறும் பட்டியலைத்தான் அனுப்பும். அது பொய்யும் அன்று. நாம் கேட்டதற்குச் சரியான விடைதான். நாம் கேட்க நினைத்தது வேறு, கேட்டது வேறு.

இதைக் கேட்டதும் அருட்சகோதரி அவர்கள் சிரித்துவிட்டு, எங்கள் வகுப்பில் ஒரு சோதனை வைத்தார்கள். ஊர்ப் பெயரை எழுதுங்கள் என்று எல்லாரிடமும் ஒரு தாளைக் கொடுத்தார்கள். சிலர் ஓசூர் என்று எழுதினோம். சிலர் ஒசூர் என்று எழுதினார்கள். ஹோசூர் என்றும் சிலர் எழுதினார்கள். வீட்டில் கன்னடம் பேசும் தோழி ஒருத்தி ஹொசூரு என்று எழுதினாள். "இப்போது ஓசூர் என்று மட்டும் வடிகட்டினால் இவ்வகுப்பில் எத்தனை பேர் இவ்வூரைச் சேர்ந்தவர்கள்?" என்று அவர்கள் கேட்டதும் வகுப்பே சிரித்தது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து வழங்கும் நம் எல்லைப் பகுதியில் ஒரே பெயர் இரண்டு மூன்று விதமாக எழுதப்படுவது இயல்பு. அதில் குற்றமில்லை. ஆனால் வடிகட்டப்போகும் பட்டியலில், எப்படி எழுதுவது என்பதை எல்லாரும் முதலிலேயே பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும்.

முடிவாக...

தோழியரே! நம்முள் எத்தனை பேர் நிரல் எழுதும் வேலைக்குப் போவோமோ தெரியாது. ஆனால் பட்டியல்கள் நம் எல்லாருடைய வாழ்விலும் இருக்கின்றன. உதவித்தொகைப் பட்டியல், குடும்ப அட்டைப் பட்டியல், வாக்காளர் பட்டியல் ஆகிய யாவும் இன்று கணிப்பொறியில் வடிகட்டப்படுகின்றன. ஒரு மாணவியின் பெயரில் ஓரெழுத்து மாறியிருந்தால் அவள் பட்டியலில் வரமாட்டாள். வராதது ஏன் என்று கணிப்பொறி தானாகச் சொல்லவும் செய்யாது. பட்டியலைத் தயாரிப்பவர் கழித்த கூடையையும் ஒரு முறை பார்த்தால்தான் அவள் கிடைப்பாள். பெற்றோர்களும் பிள்ளைகளின் சான்றிதழ்களில் பெயர் எல்லா இடத்திலும் ஒரே விதமாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வைப்பது நல்லது.

வடிகட்டிக் கேட்பது நல்ல பழக்கம். காலத்தையும் பணத்தையும் மிச்சப்படுத்துவது. ஆயினும் "ஒன்றும் இல்லை" என்ற விடை வந்தால் உடனே மகிழ்ந்துவிடாமல், சரியாகத்தான் கேட்டோமா, எங்கே நின்று கேட்டோம், விடுபட்டவை எவை என்று மூன்றையும் பார்ப்போம்.

இவ்வாண்டு காதலர் தினத்துக்கு முன் ரோஜாப் பண்ணையில் வேலை அதிகமாக இருந்தது. ஒரு நாள் அம்மா வீடு திரும்ப இரவாகிவிட்டது. "ஏனம்மா இவ்வளவு நேரம்?" என்று கேட்டேன். "கணக்கிலே நாலு பூ குறைஞ்சுது. தேடி எடுத்துட்டுத்தான் வந்தேன்" என்றார். மடிக்கணினியின் முன் அமர்ந்திருந்த அண்ணன் திரும்பிப் பார்த்துப் புன்னகை செய்தார்.